கடலை உடைக்கும் மெஷினும் கல்லூரி நூலகமும்
மெக்கானிக்கல் ஆய்வுத் தகவல்களைத் தேடிப் பிடிப்பது எப்படி?

பொறியியல் கல்லூரியில் கடைசி வருடம் வந்துவிட்டால் வீட்டில் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். வேலை கிடைச்சுதா? ப்ராஜெக்ட் முடிஞ்சுதா? இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரியாத பலர் கடைசியில் போய் நிற்கும் இடம் 'ப்ராஜெக்ட் சென்டர்'. பணத்தைக் கட்டினால் மெஷின், ரிப்போர்ட், பிபிடி எல்லாம் ரெடியாகக் கைக்கு வந்துவிடும். ஆனால் வைவாவில் வெளித் தேர்வாளர், "இந்த இடைவெளியை ஏம்மா இவ்வளவு வச்சீங்க?" என்று கேட்கும்போதுதான் சிக்கல். நம்மிடம் பதில் இருக்காது.

இத்தனைக்கும் அந்தப் பதில் இருக்கும் இடத்தைத் தாண்டித்தான் தினமும் வகுப்புக்குப் போகிறோம். அதுதான் நூலகம். நம் கல்விக் கட்டணத்திலும் வரிப்பணத்திலும் ஏற்கெனவே விலை கொடுத்து வாங்கி வைத்த புத்தகங்களும் ஆய்விதழ்களும் அங்கே இருக்கின்றன. தேடும் முறை தெரிந்தால் போதும், வேறெங்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஒரு உதாரணத்தை வைத்துப் பார்ப்போம்.

மாமாவின் புகார்

திண்டிவனம் பக்கத்து மாணவி ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் முதல் பட்டதாரி. அவருடைய மாமா மல்லாட்டை பயிரிடுகிறார். விதைக்கான காயை மெஷினில் போட்டு உடைத்தால் பருப்பு இரண்டாகப் பிளந்துவிடுகிறது. பிளந்த பருப்பை விதைக்க முடியாது. கையால் உடைக்கலாம் என்றால் கூலி ஆள் கிடைப்பதில்லை. "பாப்பா, நீ இன்ஜினியருக்குத்தான படிக்கிற? பருப்பு உடையாம காயை மட்டும் உடைக்க ஒரு வழி சொல்லேன்" என்கிறார் மாமா.

இதைவிட நல்ல ப்ராஜெக்ட் தலைப்பு கிடைக்குமா? மாணவியும் அன்று இரவே செல்போனில் தேடுகிறார். மெஷின் விற்கும் விளம்பரங்களும் யூடியூப் வீடியோக்களும் வரிசையாக வருகின்றன. ஏன் உடைகிறது என்பதற்கு மட்டும் ஒரு வரிகூட வரவில்லை. "இதைப் பத்தி யாருமே ஆராய்ச்சி பண்ணல போல" என்று முடிவு கட்டிவிடுகிறார். பலரும் செய்யும் முதல் தவறு இதுதான்.

படி 1: தலைப்பைக் கேள்வியாக மாற்றுங்கள்

'கடலை உடைக்கும் எந்திரம்' என்பது தலைப்பு. தலைப்பை மட்டும் போட்டுத் தேடினால் கடைவீதிக்குத்தான் போய்ச் சேருவீர்கள். 'உடையும் பருப்பின் அளவு எதையெல்லாம் பொறுத்துக் கூடுகிறது, குறைகிறது?' என்பது கேள்வி. கேள்வி வந்துவிட்டால், அதற்குள் தேட வேண்டிய பொருட்களும் தானாக வந்துவிடும்.

மெஷினைக் கழற்றிப் பார்த்தாலே பாதி புரியும். உள்ளே ஒரு உருளை சுழல்கிறது. அதற்குக் கீழே வளைந்த சல்லடை. இரண்டுக்கும் நடுவில் காய் தேய்ந்து ஓடு உடைகிறது. ஊதுவிசிறி ஓட்டைத் தள்ளிவிடுகிறது. அப்படியானால் பார்க்க வேண்டியவை இவை:

- உருளை சுழலும் வேகம்
- உருளைக்கும் சல்லடைக்கும் உள்ள இடைவெளி
- சல்லடைத் துளையின் அளவு
- காயைக் கொட்டும் வேகம்
- காயில் இருக்கும் ஈரப்பதம், காயின் ரகம்

ஈரப்பதம் என்றதும் ஊரில் பெரியவர்கள் செய்வது நினைவுக்கு வருகிறதா? உடைப்பதற்கு முன் காயில் லேசாகத் தண்ணீர் தெளித்து மூடி வைப்பார்கள். மிகவும் காய்ந்த பருப்பு சட்டென்று பிளந்துவிடும் என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். அதே விஷயத்தை எண்ணாக அளந்து எழுதியவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கட்டுரைகளைத்தான் நாம் தேடப் போகிறோம்.

படி 2: ஒரே பொருளுக்கு எத்தனை பெயர்?

நம் ஊரிலேயே ஒருவர் மல்லாட்டை என்பார், ஒருவர் மணிலா என்பார், இன்னொருவர் வேர்க்கடலை, நிலக்கடலை என்பார். ஆய்வுக் கட்டுரைகளிலும் இதே கதைதான். இந்தியக் கட்டுரைகளில் 'கிரவுண்ட்நட் டிகார்ட்டிகேட்டர்' என்று எழுதுவார்கள். அமெரிக்கக் கட்டுரைகளில் அதே மெஷினுக்குப் பெயர் 'பீனட் ஷெல்லர்'. தாவரவியல் பெயர் போட்டால் 'அராக்கிஸ் ஹைப்போஜியா'. ஒரு பெயரை மட்டும் போட்டுத் தேடினால் பாதிக் கட்டுரைகள் கண்ணில் படவே படாது.

அதனால் தேடுவதற்கு முன் ஒரு தாளில் மூன்று வரிசை போடுங்கள். பொருளின் பெயர்கள் ஒரு வரிசை, எந்திரத்தின் பெயர்கள் ஒரு வரிசை, அளக்க வேண்டியவை (கெர்னல் டேமேஜ், பிரேக்கேஜ், கிளியரன்ஸ், மாய்ஸ்ச்சர் கன்டென்ட்) ஒரு வரிசை. தேடும்போது இவற்றை ஆங்கில எழுத்தில் டைப் செய்ய வேண்டும். இரண்டு சொல் சேர்ந்தே வர வேண்டுமென்றால் இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். இது அல்லது அது என்றால் நடுவில் 'ஓஆர்' என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். அவ்வளவுதாங்க, ஒரே தேடலில் இரண்டு பெயரும் சிக்கிவிடும்.

படி 3: அட்டவணையில் பாருங்கள், அலமாரிக்குப் போங்கள்

கல்லூரி நூலகத்தில் உள்ள புத்தகங்களின் பட்டியல் இப்போது பெரும்பாலும் கம்ப்யூட்டரில் இருக்கிறது. இதை 'ஓபேக்' என்பார்கள். பல கல்லூரிகளில் செல்போனிலேயே திறந்து பார்க்கலாம். புத்தகம் இருக்கிறதா, யாராவது எடுத்துப் போயிருக்கிறார்களா என்பதோடு அழைப்பு எண்ணும் அதில் தெரியும். புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்தான் அது.

பெரும்பாலான நூலகங்கள் டூயி தசம முறையில் அடுக்கியிருக்கும். மெக்கானிக்கல் மாணவர்கள் 621 என்ற எண்ணுக்கு நேராகப் போவார்கள். சரிதான். எந்திர வடிவமைப்பு 621.8இல் இருக்கும். பம்பு, ஊதுவிசிறி 621.6. எந்திரக் கருவிகள் 621.9. உள்எரி என்ஜின்கள் 621.43. ஆனால் மெக்கானிக்கல் சமாச்சாரம் எல்லாம் ஒரே அலமாரியில் இருக்காது. பொருட்களின் வலிமை 620.1இல், மோட்டார் வாகனம் 629.2இல், உற்பத்தி முறைகள் 670இல் இருக்கும். நம் மாணவிக்கு முக்கியமான வேளாண் கருவிகள் இருப்பதோ 631.3இல். வேளாண்மைப் பகுதிக்கே போகாமல் 621இலேயே சுற்றிக்கொண்டிருந்தால் பாதிப் புத்தகங்களைப் பார்க்காமலே திரும்ப வேண்டியதுதான். தேவையான ஒரு புத்தகம் கிடைத்துவிட்டால் அதன் இடப்பக்கமும் வலப்பக்கமும் உள்ள பத்துப் புத்தகங்களையும் புரட்டுங்கள். ஒரே பொருள் பற்றிய புத்தகங்கள் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கும்.

'ரெஃபரன்ஸ்' பகுதியை மறக்காதீர்கள். அங்குள்ள புத்தகங்களை வீட்டுக்குத் தர மாட்டார்கள், உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். ஷாஃப்ட், பேரிங், கியர் கணக்குக்கு கோவை பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரி தொகுத்த 'டிசைன் டேட்டா' புத்தகம் தமிழ்நாட்டு மெக்கானிக்கல் மாணவர்கள் எல்லோருக்கும் பழக்கம். அதோடு 'மெஷினரிஸ் ஹேண்ட்புக்', உலோகங்களுக்கான 'ஏஎஸ்எம் ஹேண்ட்புக்' தொகுதிகள் இருந்தால் அவற்றையும் பாருங்கள். இணையத்தில் எங்கோ பார்த்த எண்ணை ரிப்போர்ட்டில் போடுவதைவிட, பக்க எண்ணோடு கைநூலிலிருந்து எடுத்துப் போட்டால் வைவாவில் தைரியமாகப் பேசலாம்.

ஒரு முக்கியமான விஷயம்: நூலகரிடம் கேளுங்கள். கூச்சம் வேண்டாம். சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்தார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது அதில் நான்காவது விதி. உலகம் முழுக்க நூலகர்கள் படிக்கும் பாடம் அது. ஆகவே நீங்கள் கேட்பது தொந்தரவு இல்லை, அவர்களுடைய வேலையே அதுதான். "மெக்கானிக்கல் புக் எங்க இருக்கு சார்?" என்று கேட்காமல், "கடலை உடைக்கிற மெஷின்ல பருப்பு உடையிறதைப் பத்திப் பாக்கணும் சார்" என்று கேட்டுப் பாருங்கள். கிடைக்கும் உதவியே வேறு.

படி 4: ஆய்விதழ்கள், யாருக்கு எந்த வழி?

புதிய ஆராய்ச்சி முதலில் வருவது ஆய்விதழ்களில். கூகுள் ஸ்காலரில் தேடினால் கட்டுரையின் பெயரும் சுருக்கமும் கிடைக்கும். முழுசாகப் படிக்க அழுத்தினால் டாலரில் விலை கேட்கும். அங்கேயே பலர் நின்றுவிடுகிறார்கள். நிற்காதீர்கள்.

நீங்கள் அரசுக் கல்லூரியிலோ அரசுப் பல்கலைக்கழகத்திலோ படிப்பவர் என்றால் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் உங்களுக்கானது. 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம் இது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு ₹6,000 கோடி ஒதுக்கப்பட்டிருக்கிறது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்களை 6,300க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களில் இருப்பவர்கள் படிக்க இது வழிசெய்கிறது. டாலரில் விலை கேட்ட அதே கட்டுரை கல்லூரி வைஃபையில் இலவசமாகத் திறக்கலாம். அதனால் செல்போன் டேட்டாவை அணைத்துவிட்டு, வளாக நெட்வொர்க்கில் ஒருமுறை முயன்று பாருங்கள். விடுதியிலிருந்தோ வீட்டிலிருந்தோ படிக்க 'இன்ஃபெட்' என்ற வெளியிட நுழைவு வசதி உண்டு. அதற்கான பயனர் கணக்கு உங்கள் நூலகத்தில்தான் கிடைக்கும்.

சுயநிதிக் கல்லூரி மாணவர்களுக்கு? இந்தத் திட்டம் அரசு நிறுவனங்களுக்கானது என்பதால் அவர்களுக்கு வழி வேறு. உங்கள் கல்லூரி எந்தெந்த மின்னிதழ்களுக்குச் சந்தா கட்டியிருக்கிறது, 'டெல்நெட்' உறுப்பினரா என்று நூலகரிடம் கேளுங்கள். டெல்நெட் என்பது நூலகங்கள் தங்களுக்குள் புத்தகங்களையும் கட்டுரைகளையும் பகிர்ந்துகொள்ளும் அமைப்பு. உங்கள் நூலகத்தில் இல்லாததை வேறொரு நூலகத்திலிருந்து வரவழைக்கக் கேட்கலாம்.

எதுவும் இல்லையென்றாலும் மூன்று வழிகள் உண்டு. கூகுள் ஸ்காலரில் கட்டுரைக்குக் கீழே 'ஆல் வெர்ஷன்ஸ்' என்று இருப்பதை அழுத்துங்கள், எங்காவது இலவசப் பிரதி இருந்தால் காட்டும். இந்திய அறிவியல் அகாடமியின் 'சாதனா' என்ற பொறியியல் ஆய்விதழை அதன் இணையதளத்தில் பாருங்கள். இரண்டும் பலிக்காவிட்டால் கட்டுரை ஆசிரியருக்கே மரியாதையாக நான்கு வரி மின்னஞ்சல் எழுதுங்கள். தன் ஆய்வை ஒரு மாணவர் கேட்டு எழுதினால் அனுப்பிவைக்கும் பேராசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

படி 5: ஆய்வேடு, நேரம் மிச்சமாகும் இடம்

இது பலருக்குத் தெரியாத புதையல். இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்டி ஆய்வேடுகள் 'ஷோத்கங்கா' என்ற தளத்தில் இருக்கின்றன. காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் இதை நடத்துகிறது. யார் வேண்டுமானாலும் காசு கட்டாமல் படிக்கலாம். மாணவர் அடையாள அட்டைகூட வேண்டாம்.

செல்போனில் படிப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி. பொதுவாக ஆய்வேட்டை அத்தியாயம் அத்தியாயமாகத் தனித்தனி பிடிஎஃப் ஆக வைத்திருப்பார்கள். முந்நூறு பக்கத்தையும் இறக்க வேண்டாம். முதலில் 'லிட்டரேச்சர் ரிவியூ' அத்தியாயத்தை மட்டும் எடுங்கள். அந்தத் துறையில் அதுவரை யார் என்ன செய்தார்கள் என்று ஒருவர் சில ஆண்டுகள் உழைத்துத் தொகுத்தது அது. அதன் கடைசியில் உள்ள நூற்பட்டியல்தான் உங்கள் அடுத்த தேடலுக்கு வழி.

வேளாண் எந்திரம் சார்ந்த தலைப்பு என்றால் இன்னொரு இடமும் உண்டு: 'க்ரிஷிகோஷ்'. வேளாண் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் அங்கே இருக்கின்றன. நம் மாணவி மெக்கானிக்கல் துறைக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தார். அவருடைய கேள்வியோ பல வருடங்களாக வேளாண் பொறியியல் துறைக்காரர்கள் பார்த்துவரும் கேள்வி.

படி 6: காப்புரிமையும் தரநிலையும்

மெக்கானிக்கல்காரர்களுக்குக் காப்புரிமை ஆவணம் ஒரு தனிப் பாடப்புத்தகம். கட்டுரையில் இல்லாத படமும் பாகங்களின் விளக்கமும் அதில் இருக்கும். இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் 'இன்பாஸ்' தேடலும் கூகுள் பேட்டன்ட்ஸும் இலவசம். பெயர் தெரியாவிட்டாலும் வகைப்பாட்டு எண்ணை வைத்துத் தேடலாம். கொட்டைகளின் ஓட்டை உடைக்கும், உரிக்கும் எந்திரங்களுக்கு உலக அளவில் 'ஏ23என் 5' என்ற பிரிவு. காப்புரிமையின் ஆயுள் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். காலாவதியானவற்றில் உள்ள யோசனையைப் பயன்படுத்தத் தடையில்லை. நடப்பில் உள்ளதை அப்படியே செய்து விற்கக் கூடாது.

மெஷினைச் செய்து முடித்ததும் சோதிக்க வேண்டுமே? எத்தனை கிலோ போட வேண்டும், உடைந்த பருப்பை எப்படிக் கணக்கிட வேண்டும் என்று நாமே ஒரு முறையை வைத்துக்கொண்டால் அடுத்தவர் கணக்கோடு ஒப்பிட முடியாது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் வேளாண் எந்திரங்களுக்கும் சோதனை முறைகளை வகுத்து வெளியிடுகிறது. அமைவனம் உருவாக்கிய இந்தியத் தரநிலைகளை அதன் இணையதளத்தில் பதிவு செய்துகொண்டு கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம்.

படி 7: ஒரு நல்ல கட்டுரை கிடைத்தால் நூல் பிடித்துப் போங்கள்

கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் ஒரே ஒரு கட்டுரை கிடைத்தால் போதும். அதன் கடைசியில் உள்ள பட்டியல் உங்களைப் பின்னோக்கிக் கூட்டிப்போகும். கூகுள் ஸ்காலரில் அதன் கீழே உள்ள 'சைட்டட் பை' முன்னோக்கிக் கூட்டிப்போகும். அந்தக் கட்டுரையைப் படித்து அதற்குப் பிறகு எழுதியவர்கள் எல்லோரும் அங்கே வரிசையாக நிற்பார்கள்.

படித்ததை அன்றன்றே குறித்து வையுங்கள். ஆசிரியர், ஆண்டு, இதழ், அவர் மாற்றிப் பார்த்தது என்ன, கிடைத்த விடை என்ன என்று ஒரு அட்டவணை. பத்துக் கட்டுரை முடிந்ததும் அந்த அட்டவணையை ஒருமுறை மேலிருந்து கீழே பாருங்கள். எல்லோரும் வேகத்தையும் ஈரப்பதத்தையும் பார்த்திருப்பார்கள், உங்கள் ஊர் ரகத்தை ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். அந்தக் காலியிடம்தான் உங்கள் ப்ராஜெக்ட்.

ஏமாறாமல் இருக்க

- "மூன்று நாளில் உங்கள் கட்டுரையை வெளியிடுகிறோம், கட்டணம் மட்டும் அனுப்புங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் தள்ளி நில்லுங்கள். துறைப் பேராசிரியரிடம் காட்டாமல் பணம் அனுப்பாதீர்கள்.
- ஏஐ செயலி கொடுக்கும் கட்டுரைப் பட்டியலை அப்படியே ரிப்போர்ட்டில் போடாதீர்கள். உலகத்தில் இல்லாத கட்டுரைக்கும் அது அழகாகப் பெயர் வைத்துக் கொடுத்துவிடும். பெரும்பாலான ஆய்விதழ்க் கட்டுரைகளுக்கு 10 என்று தொடங்கும் 'டிஓஐ' எண் இருக்கும். அந்த எண்ணைப் போட்டுக் கட்டுரை திறக்கிறதா என்று பாருங்கள்.
- பிறர் எழுதியதை எடுத்தால் பெயர் சொல்லி எடுங்கள். பெயர் சொன்னால் மேற்கோள், சொல்லாவிட்டால் திருட்டு.

கல்லூரி அட்டை இல்லாதவர்களுக்கு

படிப்பை முடித்தவர்கள், பட்டறை வைத்திருப்பவர்கள், மாமாவைப் போன்ற விவசாயிகள் கேட்கலாம்: "எங்களுக்கு என்னங்க இருக்கு?" நிறைய இருக்கிறது. சென்னை கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் பொதுமக்களுக்கானவை. எழும்பூரில் 1896 முதல் இருக்கும் கன்னிமாரா நூலகத்துக்கு இந்தியாவில் வெளியாகும் புத்தகங்களின் ஒரு பிரதி சட்டப்படி வந்து சேர வேண்டும். செல்போனில் ஐஐடி கரக்பூர் நடத்தும் தேசிய மின்னூலகத்தைத் திறக்கலாம். ஷோத்கங்கா, காப்புரிமைத் தேடல், இந்தியத் தரநிலைகள் ஆகிய மூன்றுக்கும் கல்லூரி அட்டை தேவையில்லை.

நம் மாணவியிடம் திரும்பி வருவோம். அவர் இப்போது மாமாவிடம் போய், "காயோட ஈரப்பதம் எவ்வளவுன்னு அளந்தீங்களா மாமா? சல்லடையை உங்க ரகத்துக்கு ஏத்த மாதிரி மாத்தினீங்களா?" என்று கேட்பார். மாமாவிடம் பதில் இருக்காது. பரவாயில்லை, அளந்து பார்க்க அவர்தான் இருக்கிறாரே. ஒரு பருவத்துக் காயை வெவ்வேறு ஈரத்தில், வெவ்வேறு இடைவெளியில் உடைத்து எண்ணிப் பார்த்தால் ப்ராஜெக்ட்டும் முடியும், அடுத்த போகத்துக்கு விதைப் பருப்பும் முழுசாகக் கிடைக்க வழி தெரியும். வைவாவில் "இந்த இடைவெளி ஏன்?" என்று கேட்டால் அவர் யோசிக்கவே வேண்டியதில்லை.

நாளைக்குக் கல்லூரிக்குப் போகிறீர்களா? வகுப்புக்கு முன் பத்து நிமிடம் நூலகத்தில் நுழைந்து, உங்கள் கேள்வியை ஒரு தாளில் எழுதி நூலகரிடம் காட்டுங்கள். வெளியிட நுழைவுக் கணக்கையும் கையோடு கேட்டு வாங்கிவிடுங்கள். மீதியை வீட்டிலிருந்து செல்போனிலேயே பார்த்துக்கொள்ளலாம்.